பேச்சி பிடித்துக்கொண்ட குலவை

சென்னைப் பாடகி ஒருத்தி, தன் பொங்கல் ஆல்பத்துக்குக் குலவை பதிய சங்கரன்கோவிலில் ஒரு வீட்டில் தங்கியிருந்தாள். குலவையிட என்னைக் கூப்பிட்டிருந்தாள்; என்னோடு பேச்சியும் வந்தாள். நடவு வயலில் எனக்கு மூச்சு அறும் இடத்தில் குலவையை அவள்தான் பிடித்துக்கொள்வாள்.

"இவ இருமுவா தாயி. நான் ஒருத்தியே போதும்," என்றேன் பாடகியிடம்.

"ஏட்டி, ஒனக்கு மூச்சு பத்துமா?" என்று சிரித்தபடி பேச்சி வாசலுக்குப் போனாள்.

காதில் மாட்டிய ஹெட்போனில் மேளம் அதிர, தனியாகவே குலவையிட்டுப் பெருமையோடு திரும்பினேன். மார்கழியில் பேச்சி செத்துப்போனாள்.

பொங்கலன்று தெரு ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வந்தது. எனக்கு மூச்சு அறுந்த இடத்தில், பாட்டுக்குள்ளேயே, அந்த வீட்டு வாசல் பக்கமிருந்து மெல்லிய குலவை ஒன்று எழுந்து என்னைத் தாங்கியது.

"ஆச்சி, ஒரே மூச்சுல எம்புட்டு நீளமா போட்டிருக்கீய!" என்கிறார்கள் பாட்டைக் கேட்டவர்கள்.

"ஆமா," என்கிறேன். சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்த்துக்கொள்கிறேன்.