இடது சக்கரத்துச் சத்தம்

ஒரு புயல் மழையில் எங்கள் கார் பாதிச் சக்கரம் முழுகத் தண்ணீரில் நின்றது. சில மாதம் கழித்து, புதுச்சத்திரம் தாண்டி வலது பக்கம் வளையும்போதெல்லாம் முன்னாலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மாவு மில்லுக்கு வெளியே நின்றால் கேட்குமே, அப்படி ஒரு ஊமை இரைச்சல். வளைவு முடிந்ததும் அடங்கிவிடும்.

நானும் என் கணவரும் கடலூரிலிருந்து தினமும் அந்தக் காரில்தான் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போனோம். எனக்குப் பள்ளிக்கூடம், அவருக்குக் கூட்டுறவு ஆபீஸ். லைசென்ஸ் எனக்கும் உண்டு, ஓட்டுவது அவர்தான்.

“என்னங்க, சத்தம் கேக்குதா?”

“என்ன சத்தம்? ஒண்ணும் இல்லியே.”

மறுநாளும் அதே பதில். மெக்கானிக்கிடம் போனோம். அவர் கடைத்தெருக் கூட்டத்தில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு, “டயர் தேஞ்சிருக்குக்கா, அதான்” என்றார். கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

பெண்ணாடத்தில் கரும்பு லாரி ஓட்டும் என் தம்பிக்குப் போன் செய்தேன். “வலது பக்கம் ஒடிச்சா ஜாஸ்தியாவுதுன்னா இடது சக்கரத்து பேரிங்கா இருக்கும். அப்படியே வுட்டா ஓட்டத்துலயே சக்கரம் இறுகிப் பூடும். ஜாக்கில தூக்கி ஆட்டிப் பாருக்கா” என்று, எப்படிப் பார்ப்பது என்பதையும் சொன்னான்.

ஞாயிறு காலை, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினேன். பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்தேன். ஜாக்கி பிடிவாதம் செய்தது, நானும் செய்தேன். எதிர்வீட்டு அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார். முதலில் வலது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டினேன். அசையவில்லை. இறக்கிவிட்டு இடது சக்கரத்தைத் தூக்கி ஆட்டினேன். ‘கொடக்’ என்றது.

“ஏறி உக்காந்து பிரேக்கை அமுக்குங்க!”

அவர் முணுமுணுத்துக்கொண்டே அமுக்கினார். ஆட்டம் நின்றது. விட்டதும் மறுபடி கொடக். ஆட்டம் பேரிங்கில் இல்லாமல் வேறெங்காவது என்றால் பிரேக்குக்கு அடங்காது என்று தம்பி சொல்லியிருந்தான்.

“எல்லா வண்டிலயும் கொஞ்சம் ஆடும்மா” என்றபடி இறங்கி வந்தார்.

நான் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். கரகரவென்று ஓடியது. அவர் என் முகத்தையே பார்த்தார்.

“கேக்கலையா?”

“இல்லியே.”

அவர் கையைப் பிடித்து, சக்கரத்துக்குப் பின்னாலிருந்த சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின்மேல் வைத்துவிட்டு மறுபடி சுற்றினேன். ஸ்பிரிங்கின் அதிர்வு கையில் ஏறியதும் அவர் முகம் மாறியது. இன்னொரு தரம் சுற்றச் சொன்னார். பிறகு வலது சக்கரத்தைத் தாமே தூக்கி, அங்கேயும் கைவைத்துப் பார்த்தார். ஒரு நடுக்கமும் இல்லை.

“இது உனக்குக் காதுல கேக்குதா?”

“உள்ள உக்காந்தாலே கேக்குதுங்க.”

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “எனக்கு நெசமாவே கேக்கல” என்றார் மெதுவாக. டிவியை எப்போதும் சத்தமாக வைப்பதும், போனைக் காது மாற்றி மாற்றிப் பிடிப்பதும் அப்போதுதான் எனக்கு வேறு மாதிரியாகத் தெரிந்தன. ஜெயித்த சந்தோஷம் பொசுக்கென்று போய்விட்டது.

திங்கட்கிழமை பேரிங்கைக் கழற்றினார்கள். தண்ணீர் இறங்கித் துரு பிடித்து, உள்ளே குண்டுகள் அரித்துப்போயிருந்தன. மெக்கானிக் அதை என்னிடம் காட்டினார். நான் கணவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

காது டாக்டரிடம் போக அவர் சம்மதிப்பதற்குள் பேரிங்கைவிட நூறு மடங்கு பாடுபட்டேன். நாள் தவறாமல் கேட்டேன். கடைசியில் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு காதும் மந்தம் என்றார்கள். காதில் கருவி மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர், “ஏம்மா இவ்ளோ கத்தற?” என்று என்னைக் கேட்டார்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன்.