சுகந்தியின் வாளியில் ஒரு வேட்டி

டென்மார்க்கின் ஓல்போர்க்கில் நான் தங்கியிருக்கும் சுகந்தியின் வீட்டுப் பின்முற்றம். மருத்துவமனையில் வேலை செய்யும் அவர், துணியை நூலால் முடிந்து சாயம் தோய்க்கும் ஜப்பானிய ஷிபோரி பழகுகிறார். அவுரிச் சாய வாளியிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்குகிறார். அது பச்சையாக இருக்கிறது.

"நீலம்னு சொன்னீங்களே?" என்கிறேன்.

"பொறுங்கோ அண்ணை. காத்துப் பட்டாத்தான் நீலம் வரும்."

அப்படியே மெல்ல நீலமாகிறது. நூலை வெட்டி உதறுகிறார். நீலமெங்கும் வெள்ளை வட்டங்கள்; ஓரத்தில் சரிகைக் கரை.

"வேட்டியா இது?"

"ஓம், என்ரை மனுசன்ரை திருவிழா வேட்டி. இன்னும் அவருக்குச் சொல்லேல்லை."

அந்நேரம் பார்த்துக் கணவர் கதவைத் திறந்து வருகிறார். வேட்டியைப் பார்க்கிறார், மனைவியைப் பார்க்கிறார். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். அவர் ஈர வேட்டியை ஜீன்ஸுக்கு மேலேயே சுற்றிக்கொண்டு, சன்னல் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

"சால்வையையும் இப்பிடியே தோய்ச்சுத் தாரும்" என்கிறார்.