வெள்ளிக்கிழமைப் பலகை

மேட்டுப்பட்டி ஸ்தனிஸ்லாஸ் வீட்டுப் புரோக்கர். நானும் அதே தொழில்தான். திண்டுக்கல்லில் எங்களைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லமாட்டார்கள், அதில் முக்கால்வாசி நியாயமும்கூட. ஆனால் மொபெட்டின் பின்னால் மடக்கிய சக்கர நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போகிற புரோக்கர் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டதும் அவனே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றாமல், வாசலிலிருந்து கழிப்பறை வரை உருட்டிக்கொண்டு போவான். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட முடிந்தால்தான் வெளியே வந்து வாடகை பேசுவான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நானே பல நாள் கேலி பண்ணியிருக்கிறேன்.

அந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. பல வருடங்களுக்கு முன்னால், இரண்டு காலும் போன ஒருவருக்கு வீடு பிடித்துக் கொடுத்தான். தரைத்தளம், படி கிடையாது என்று கமிஷனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அடுத்த வருடம் போனபோதுதான் கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது என்று தெரிந்தது. பதினோரு மாதம் அந்த மனிதர் ஈரத்தரையில் தவழ்ந்து போய் வந்திருக்கிறார். வீடு கிடைத்ததே பெரிது என்று யாரிடமும் சொல்லவில்லையாம். அன்றிலிருந்து இவன் இப்படி.

போன ஐப்பசிக்கு முன்னால் செம்பட்டிக்காரர் ராமர் இவனைத் தேடி வந்தார். காடு கரையெல்லாம் விற்றுவிட்டு, மகள் ஜீவிதாவோடு டவுனுக்குக் குடிவந்தவர். விபத்தில் முதுகெலும்பு உடைந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நாகல் நகரில் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். குடியிருந்தது மாடி. தினமும் காலையில் ராமர் அவளைத் தோளில் போட்டுப் பதினேழு படி இறக்குவார், சாயங்காலம் ஏற்றுவார். அதிலேயே அவருக்குக் குடலிறக்கம் வந்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு மூன்று மாதம் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு தடவை தேதி கொடுத்தும் அவர் போகவில்லை. போனால் மகளை யார் தூக்குவது?

ஸ்தனிஸ்லாஸ் நாற்பது வீடு பார்த்திருப்பான், பல வீட்டுக்கு நானும் கூடப் போனேன். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு, காலையில் அந்தப் பிள்ளை முகத்தில் முழிக்க முடியாது என்று வாய்கூசாமல் சொன்னார் ஒருவர். டைல்ஸ் தேய்ந்துவிடும் என்றார் இன்னொருவர். அந்த டைல்ஸைப் பெயர்த்து அவர் தலையிலேயே போட வேண்டும் போல இருந்தது எனக்கு.

கடைசியில் இ-சேவை மையத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஜக்கம்மாள் வீடு அமைந்தது. அவள் தனிக்கட்டை. வீட்டில் ஒரு பக்கத்தை வாடகைக்கு விட இருந்தாள். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்ததில் வாசற்படிகள் உள்ளே புதைந்து, வாசல் தெருமட்டத்துக்கு வந்திருந்தது. கழிப்பறைக் கதவும் அகலம். இடைஞ்சல் ஒன்றே ஒன்று, மூன்று அங்குல உயரத் தேக்கு நிலைப்படி. அதன் மேல் சரிவாகப் பலகை போட்டுக்கொள்ளட்டும் என்று ஜக்கம்மாளே சொன்னாள். வெள்ளிக்கிழமை மட்டும் காலையில் பலகையை எடுத்துவிட்டு நிலைப்படிக்கு மஞ்சள் பூசிப் பூ வைக்க வேண்டும், மத்தியானம் திரும்பப் போட்டுவிடலாம் என்றாள்.

ஸ்தனிஸ்லாஸ் உடனே சரி என்றுவிட்டான். ஒரு ஆணி அடிக்கிற விஷயத்துக்குக்கூட வீட்டுக்காரரிடம் வாதாடுகிற ஆள், அங்கே வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"அது அவுக சாமி விசயம். வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன் நான் போயி அதுல வாய வைக்கக்கூடாதுப்பா," என்றான்.

எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு மஞ்சள் பூசுகிறார்கள். நான் பேசியிருக்கலாம். என் பார்ட்டி இல்லையே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஜீவிதா முதல் நாள் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனாள், தானே வெளியே வந்தாள், மறுபடியும் உள்ளே போனாள். ராமர் தெருவில் நின்று அழுதார். அடுத்த வாரமே ஆபரேஷன் முடிந்தது.

ராமர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை. ஜீவிதா வேலைக்குக் கிளம்பியதும் ஜக்கம்மாள் பலகையை எடுத்துக் கழுவி, தன் அடுப்படியில் காயவைத்துவிட்டு நிலைப்படிக்கு மஞ்சள் பூசினாள். பதினோரு மணிக்கு நெய்க்காரப்பட்டியிலிருந்து போன் வந்தது. கூடப்பிறந்த அக்காள் செத்துப்போனாள். அடுப்படியைப் பூட்டிக்கொண்டு அழுதபடியே பஸ் ஏறிவிட்டாள். பலகை உள்ளேயே இருந்தது.

சாயங்காலம் நல்ல மழை. ஜீவிதா நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றாள். அவளுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டும், நேரம் ஏற்கெனவே தாண்டியிருந்தது. யாரையாவது கூப்பிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். மழையில் தெருக் கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. பதினேழு படி சுமந்த மனிதருக்கு இது எம்மாத்திரம். "மூணு இஞ்சுதானத்தா" என்று நாற்காலியோடு அவளைத் தூக்கி உள்ளே வைத்தார்.

வலியை அவர் ஞாயிற்றுக்கிழமை வரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகள் தன்னால்தான் என்று நினைப்பாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது தையல் பிரிந்து, உள்ளே குடல் நெரிந்து அழுகியிருந்தது. புதன்கிழமை விடிவதற்குள் போய்விட்டார்.

துக்கத்துக்கு நானும் ஸ்தனிஸ்லாஸும் போயிருந்தோம். ஜக்கம்மாள் அக்காள் சாவும் இந்தச் சாவுமாக, முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். இவனைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"வெள்ளிக்கெழம பலகைய எடுக்காட்டி என்னன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா தம்பி? பலகை மேலயே மஞ்சளப் பூசிட்டுப் போயிருப்பேனே. எனக்குத்தான் தோணல, நீயாச்சும் கேட்டிருக்கலாம்ல," என்றாள்.

நாற்காலியில் இருந்த ஜீவிதா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்தனிஸ்லாஸ் தொழிலை விடவில்லை. இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் கூச்சமில்லாமல் கேட்கிறான். நிலைப்படியை அறுக்கலாமா, கதவைக் கழற்றலாமா, துளசி மாடத்தை நகர்த்தலாமா என்று ஒன்றுவிடாமல் கேட்கிறான். பாதிப் பேர் மறுபேச்சில்லாமல் சரி என்கிறார்கள். சரி என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அவன் யாரோடும் பேசுவதில்லை.