ஓவர்டிரைவ் வண்டியைத் தள்ளினோம்

மாடி வீட்டு சேஷாத்ரி சார் தன் பழைய டீசல் பிக்கப்பின் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, ஓவர்டிரைவோடு ஆட்டோமேட்டிக் மாட்டியிருக்கிறார். ஹைவே வேகத்தில்தான் அந்த ஓவர்டிரைவ் கியர் விழுமாம். ஒரு மாசமா எங்கள் கல்கத்தா டாக்குரியா பேட்டை முழுக்க இதே பீற்றல்.

இன்று சரஸ்வதி பூஜை. பந்தலுக்குக் கொண்டுபோக சிலையை வண்டியில் ஏற்றியாச்சு. பார்த்தால் பேட்டரி அவுட்.

"தள்ளுங்கோ, செகண்ட் கியர்ல எஞ்சின் பிடிச்சுக்கும்" என்றார் சார்.

நானும் தெருவிலுள்ள மூன்று தாதாக்களும் (பெங்காலியில் அண்ணன்கள்) ஸ்டேஷன் வரை தள்ளினோம். ஒரு உறுமல்கூட இல்லை.

டீக்கடையில் நின்ற மெக்கானிக் சிரித்தான். "கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி தள்ளினா ஸ்டார்ட் ஆகாது, தாதா."

"அது தெரியாதா எனக்கு?" என்றார் சார், சீட்டைவிட்டு இறங்காமலே.

சரஸ்வதி சைக்கிள் ரிக்‌ஷாவில் போய்ச் சேர்ந்தாள்.

கல்கத்தாவில் ஓவர்டிரைவ் விழுகிற அளவுக்குக் காலியான ரோடு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அங்கே வரைக்கும் தள்ளிக்கொண்டு வருகிறோம்.