கட்டுச்சோறு ஏற்றிப்போன இரட்டைக் குழாய்க் கார்

எங்கள் காருக்கு முதலில் ஒரு புகைக் குழாய்தான் இருந்தது. என் தங்கை தலைப்பிரசவத்துக்கு நின்ற வருஷம் அது இரண்டாயிற்று. நான் இரண்டாம் வகுப்புக்கு மேல் போகாதவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தக் காரைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் இப்போது யாரும் இல்லை.

கிழக்குப் பாலக்காட்டில், கோயமுத்தூர் எல்லையை ஒட்டி எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரருக்கு நெல்லும் கடலையும் ஒரு கண் என்றால் கார் இன்னொரு கண். மலையில் ஒரு எஸ்டேட் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கறுப்புக் காரை வாங்கிவந்தார். அகலமான கார். முன்னால் இருந்து பார்த்தால் எருமை படுத்திருப்பதுபோல் இருக்கும். அதன் எஞ்சின் சீக்கிரமே செத்துப்போனது. பழைய லாரியின் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தேடிக் கொண்டுவந்து அதில் உட்கார வைத்தார். சமதரையில் நன்றாக ஓடியது. மேடு வந்தால் இரைக்கும்.

தங்கையைக் கொடுத்தது தேவிகுளத்தில். உடுமலைப் பக்கத்திலிருந்து மலையேறி ஏலக்காய்த் தோட்டம் வைத்த குடும்பம். அந்தப் பொங்கலுக்கு அவளைப் பார்க்கக் கிளம்பினோம். மறையூர் தாண்டி ஒரு வளைவில் கார் நின்றுவிட்டது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் அம்மாவும் தள்ளினோம். கடைசியில் காரை அங்கேயே விட்டுவிட்டு, முட்டைக்கோஸ் ஏற்றப்போன ஒரு லாரியில் ஏறித்தான் சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கினோம். தங்கையின் மாமியார் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"காரு வாங்கியிருக்கறதாச் சொன்னாங்க. இதுங்களா அது?"

அன்று அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை.

மாசமாக இருப்பவளுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய், வளையல் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவது எங்கள் வழக்கம். தங்கை முழுகாமல் இருக்கும் சேதி வந்தபோது கூடவே மாமியாரின் சொல்லும் வந்தது. பஸ்ஸில் அனுப்பமாட்டாராம், குலுக்கல் ஆகாதாம். வழியில் நிற்கிற காரிலும் அனுப்பமாட்டாராம். தன் வாசலுக்கு அந்தக் கார் தானாக ஏறி வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் பிரசவம் தேவிகுளத்திலேயே ஆகட்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லாமல் போனால் அம்மா யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். எனக்கும் அந்த லாரிப் பேச்சு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

"ஏனுங்க, கட்டுச்சோறு கொண்டுட்டுப் போறதுக்குள்ள இந்த வண்டி மலையேறோணும்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இல்லீன்னா உங்க எருமையை வித்துப்போட்டு நெசமான எருமை ஒண்ணு வாங்குங்க. பாலாவது கறக்கும்."

மறுநாளே காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். பட்டறை பாய் எங்கள் பம்புசெட்டையும் பார்ப்பவர், பழக்கமானவர். எஞ்சினை உறுமவிட்டு, பின்னால் போய்ப் புகைக் குழாயின் வாயில் கையை வைத்துப் பார்த்தார்.

"எஞ்சின் லாரியோடது, மூக்கு பழைய காரோடது. உள்ள எரிஞ்ச புகை வெளிய வந்தாத்தானுங்க அடுத்த மூச்சு இழுக்கும்?"

"அப்பப் பெரிய குழாயா ஒண்ணு போட்டரலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"அடியில எடம் இல்லீங்க, ஆக்சில்ல இடிக்கும். மூணு சிலிண்டருக்கு ஒண்ணுன்னு பிரிச்சு, அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு விட்டரலாம்."

ஆறு சிலிண்டரின் புகையையும் ஒன்றாகச் சேர்க்கிற ஒரு வார்ப்பிரும்புக் கை எஞ்சின் ஓரத்தில் உண்டு. மேனிபோல்டு என்பார்கள். அதை நடுவில் அறுத்து, அறுத்த வாய்களை அடைத்து, புதிதாக ஒரு வழி பற்றவைக்க வேண்டும். பாய் பற்றவைத்தார். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே டிக் என்று ஒரு சத்தம். ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் மயிரிழைபோல் விரிசல் ஓடியிருந்தது.

"இது கண்ணாடி சாதிங்க அம்மிணி. சூட்டுல ஒட்டும், சட்டுனு காத்துப் பட்டாக் கோவிச்சுக்கும்" என்ற பாய், கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க ஊட்டுல நெல்லு அவிக்கற அடுப்புல உமி நெருப்பு கெடக்குதுங்களா?"

"கெடக்குது. எதுக்குங்க பாய்?"

"இதைச் சூடு பண்ணி ஒட்டவெச்சு, அப்படியே அந்தச் சாம்பலுக்குள்ள பொதைச்சரலாம். மெதுவா ஆறும்."

"இரும்பு அவிச்ச அடுப்புல அப்புறம் நெல்லு அவிக்கறதுங்களா?"

"சேந்தே அவிங்க. அரிசி பலமா இருக்கும்."

என் அடுப்பை நான் யாருக்கும் விடமாட்டேன். அன்று விட்டேன். எங்கள் களத்திலேயே பாய் கேஸ் சிலிண்டரை இறக்கி, விரிசலை அறுத்தெடுத்துவிட்டுத் திரும்பப் பற்றவைத்தார். சிவந்த இரும்பை இடுக்கியால் தூக்கிவந்து அடுப்பில் இறக்கியதும் மேலே சாம்பலைத் தள்ளி மூடியவள் நான்தான். "ஆறுச்சான்னு பாக்கலாமா?" என்று வீட்டுக்காரர் அடிக்கடி வந்தார். நான் அடுப்பு வாயிலேயே மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "குஞ்சு பொரிக்கட்டும், போங்க" என்றேன்.

அடுத்த நாள் பாய் வந்து அதைச் சாம்பலிலிருந்து எடுத்து ஸ்பானரால் தட்டினார். கிண் என்று கோயில் மணிபோல் கேட்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு குழாய்கள். உள்ளே மணலை இறுக்கி அடைத்து, காய்ச்சி வளைத்தார். மணல் இல்லாமல் வளைத்தால் நசுங்கிவிடுமாம். இரண்டு பக்கமும் சைலன்சர் மாட்டி எஞ்சினைக் கிளப்பியபோது பட்டறையே அதிர்ந்தது. வாடகைக்கு வந்த ஒரு வண்டிமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வீட்டுக்காரர் முகத்தில் எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

நல்ல நாளில் விடியற்காலையிலேயே நானும் அம்மாவும் சோறு கட்டினோம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச்சோறு. பெரிய போசிகளில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, பின் ஸீட்டில் எங்கள் காலடியில் வரிசையாக வைத்தோம். உடுமலை தாண்டும்போதே அம்மா காலை மேலே தூக்கிக்கொண்டாள்.

"ஏனுங்க மாப்ளே, காலடி சுடுதுங்களே."

"குழாய் ரெண்டும் அதுக்கு அடியிலதானுங்க அத்தை போகுது. மேல போனாக் குளுருக்கு எதமா இருக்கும்."

போன தடவை நின்ற வளைவு வந்தது. வீட்டுக்காரர் இரண்டாவது கியருக்கு மாற்றினார். குழாய் இரண்டும் சேர்ந்து கனத்த குரலில் உறுமின. கார் வளைவில் திரும்பி, இன்னொரு வளைவில் திரும்பி, மேலே போய்க்கொண்டே இருந்தது. முன் ஸீட்டைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் விட்டேன்.

தேவிகுளத்தில் சத்தம் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமியார் வாசலில் நின்றிருந்தார்.

"மறுக்காவும் லாரியிலதான் வாரீங்கன்னு நெனச்சனுங்க" என்றார். ஆனால் கண் காரைவிட்டு நகரவில்லை.

போசித் துணியை அவிழ்த்ததும் புளிச்சோற்றில் ஆவி பறந்தது. அந்தக் குளிரில் எல்லோரும் கிட்டே வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க சம்பந்தி, எப்பக் கட்டுன சோறுங்க இது?"

"விடியால கட்டுனதுங்க."

"மூணாறுல அடுப்பு மூட்டுனீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் தயிர்ச்சோற்றில் ஒரு வாய் எடுத்துப் போட்டார். புளிப்பில் முகம் சுருங்கியது. "தயிரு மட்டும் கொஞ்சம் வெரசா ஓடியாந்துருச்சாட்ட இருக்குது."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் தீர்ந்தது, தயிர்ச்சோற்றைத் தவிர.

தங்கைக்கு வளையல் போட்டு முடிந்தது. அனுப்புவாரா என்பது மட்டும் தெரியவில்லை. மாமியார் காரைச் சுற்றிவந்தார். குனிந்து ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார்.

"சும்மா வந்துட்டுதுன்னு நம்பிர முடியாது. பாரத்தோட அந்த ஏத்தம் வரைக்கும் என்னைய ஒருக்காக் கூட்டிட்டுப் போங்க மாப்ளே. அப்பறம் சொல்றேன்."

பாரத்துக்காக நாங்கள் எல்லோரும் ஏறினோம். தங்கையும் ஏறினாள். அவளுடைய பெட்டியையும் பாரத்துக்கு வைக்கச் சொன்னார். பெட்டி கட்டித் தயாராக இருந்ததை நான் கவனித்தேன். மாமியார் முன் ஸீட்டில் உட்கார்ந்தார். ஏற்றம் வந்தது. "இன்னொண்ணு பாக்கலாம்" என்றார். மூணாறு கடந்தது. "அங்கிட்டு இதைவிடச் செங்குத்தா ஒண்ணு இருக்குது" என்றார். தேயிலைக் காடுகளுக்கு நடுவே அதிலும் ஏறினோம். மலை இறங்க ஆரம்பிக்கும் இடத்தில் "நிறுத்துங்க" என்றார்.

வீட்டுக்காரர் நிறுத்தினார். மாமியார் திரும்பித் தங்கையைப் பார்த்தார்.

"கண்ணு, இடுப்பு கிடுப்பு வலிக்குதா?"

"இல்லீங்க அத்தை."

"அப்பறம் எதுக்கு நிக்கறீங்க மாப்ளே? எறங்குங்க."

அம்மா மெதுவாகக் கேட்டாள். "நீங்க மாத்துச் சேலைகூட எடுக்கலீங்களே."

"ஏன், உங்க ஊட்டுல சேலையே இல்லீங்களா சம்பந்தி?"

கார் இறக்கத்தில் டுப்புடுப்பென்று இறங்கியது. வழி நெடுக மாமியார் எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே வந்தார். பேரன் பிறந்து பெயர் வைக்கும் வரை அம்மாவின் சேலைகளைத்தான் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு எங்கள் ஊரில் இருந்தார்.