மிக்சி அடுக்கு வரை ஒரு நடை

திண்டிவனத்தில் டி.வி. வாங்கப் போகிறவர்கள் கடைப் பெயரைச் சொல்வதில்லை. "பாணி இருக்கிற கடை" என்பார்கள். கோதண்டபாணி கடைக்கு முதலாளி அல்ல, இருபத்திரண்டு வருடமாக அங்கே நின்று டி.வி. விற்பவர். முதலாளி ராஜாமணிக்கு இதில் வருத்தம் கிடையாது. பெயர் பாணிக்கு, மற்றதெல்லாம் தனக்கு என்று எப்போதோ பிரித்துக்கொண்டுவிட்டார்.

டியூப் டி.வி.யில் தெரிந்ததுதான் படம், பிறகு வந்ததெல்லாம் வெறும் வெளிச்சம் என்பது பாணியின் கட்சி. அதைச் சொல்லிக்கொண்டே நாள் முழுக்க வெளிச்சத்தை விற்பார். "டியூப்புல கண்ணாடியே எரியும்ங்க, எந்த மூலையில குந்துனாலும் அதே மூஞ்சிதான். தட்டை டி.வி.யில பின்னாடி வெளக்கப் போட்டுக் காட்டறான். பக்கவாட்டுல போனா சாயம் வெளுத்துடும்."

இதற்கு அவர் ஒப்புக்கொண்ட ஒரே விலக்கு, போன வருடம் வந்த நாற்பத்துமூன்று அங்குல மாடல். சுவரில் அது ஓடிக்கொண்டிருக்க, வந்தவர்களைப் பக்கவாட்டிலேயே நடத்தி மிக்சி அடுக்கு வரை கூட்டிப்போய் நிறுத்துவார். "இங்கேர்ந்து பாருங்க." நிறம் மாறியிருக்காது. அந்த நடைதான் அவருடைய வியாபாரம்.

ஒலக்கூரில் இருக்கும் தங்கை காந்திமதியின் கல்யாணத்துக்கு அவர் சீராகக் கொடுத்தது ஓர் இருபத்தொன்பது அங்குல டியூப் டி.வி. நாலு பேர் மூச்சு வாங்கச் சுமந்துபோனதை ஊரே பார்த்தது. அது இத்தனை வருடம் கழித்தும் பழுதில்லாமல் ஓடியது. ஆனாலும் அதைக் கடைக்குக் கொடுத்துவிட்டு அந்த நாற்பத்துமூன்று அங்குல மாடலை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"நல்லாத்தானண்ணா ஓடிக்கினு இருக்குது. நான் சமையக்கட்டு வாசப்படியில குந்திக்கினு பாக்கறவ. தட்டையில அங்கேர்ந்து தெரியாதுன்னு நீதான சொன்ன?"

"இதுல தெரியும். நான் சொல்றேன்."

நான் சொல்றேன் என்றபின் பேச்சு ஏது? பெட்டி வந்தது. கொண்டுவந்தவர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "அண்ணன் அனுப்புனது, பாக்கறதுக்கு இன்னா இருக்குது" என்று பெட்டியைப் பிரிக்கும் முன்பே போட்டுவிட்டாள். டியூப் டி.வி. அதே வண்டியில் ஏறிப்போய் உடைசலாயிற்று.

அடுத்த ஞாயிறு பாணி போனபோது அவள் புருஷன் டி.வி.க்கு நேரெதிரே நாற்காலியில் சாய்ந்திருந்தான். காந்திமதி சமையக்கட்டு வாசப்படியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள், டி.வி.க்கு முதுகைக் காட்டி.

"இன்னா காந்தி, அந்தப் பக்கம் திரும்பிக்கினு?"

"காதுல கேட்டாப் போதும்ண்ணா." முறத்தை நகர்த்தினாள். "நீ ஒருவாட்டி இங்க குந்திப் பாரேன்."

குந்தினார். சீரியலில் அழுதுகொண்டிருந்தவளின் முகம் சாம்பல் பூசினாற்போல இருந்தது. அவள் கட்டியிருந்த கறுப்புப் புடவை கஞ்சித் தண்ணீர் நிறத்தில் தெரிந்தது.

"படம் சூப்பரா இருக்குது மச்சான்," என்றது நாற்காலி. "நேரா வந்து குந்துன்னா இவ கேக்க மாட்டேங்கறா."

"நேரா குந்துனா அடுப்ப யாரு பாக்கறது?" பிறகு அண்ணனிடம், குரலைத் தாழ்த்தி: "கடையில வெல போகாதத எங்க தலையில கட்டிட்டியா?"

விழுப்புரத்திலிருந்து கம்பெனி மெக்கானிக் பூவரசன் வந்து பின்பக்கத்து ஸ்டிக்கரைப் படித்தார்.

"ரிப்பேரு ஒண்ணும் இல்லீங்க. மாடல் அதேதான், உள்ள படம் காட்டற பேனல் வேற. சித்திரைக்கப்புறம் வந்ததெல்லாம் இதுதான். நேரா பாத்தா அதவிட இதுல கறுப்பு நல்லா வரும். பக்கவாட்டுலதான் வெளுக்கும். உங்க மொதலாளிகிட்ட அப்பவே சொன்னேனே. அதனாலதான பழைய பேனல் இருக்கற அந்தச் சுவத்து ஷோ பீஸ விக்காம வெச்சிக்கினு இருக்காரு?"

சித்திரைக்கப்புறம் எத்தனை பேரை மிக்சி அடுக்கு வரை நடத்தியிருப்போம் என்று பாணி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

மறுநாள் ராஜாமணியிடம் போனார். "சுவத்துல இருக்கறத என் தங்கச்சிக்குக் குடுத்துட்டு, அது வூட்டுல இருக்கறத எடுத்துக்குங்க மொதலாளி."

"இதக் குடுத்துட்டா நீ ஜனங்களுக்கு இன்னாத்தக் காட்டுவ?" ராஜாமணி கோபப்படவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உன் வாயில அந்தப் பேச்சு வருமா? உனக்குப் பொய் சொல்ல வராது பாணி. அதனாலதான் சொல்லல."

இருபத்திரண்டு வருடத்தில் முதலாளி அவருக்குக் கொடுத்த ஒரே நற்சான்று அதுதான்.

ஒலக்கூருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். காந்திமதி கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

"அவரு உன்ன ஏமாத்துனாரு, சரி. என்ன ஏமாத்துனது நீதானண்ணா," என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிறது என்று போனை வைத்தாள்.

அன்று மத்தியானம் மயிலத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பழைய பழக்கம், கால்கள் தாமாகவே அந்த அம்மாளை மிக்சி அடுக்கு வரை கூட்டிப்போயின.

"நல்லாத் தெரியுதே. எங்க வூட்டுக்கு வர்றதும் இதேதான?"

கல்லாவில் ராஜாமணி தலையைத் தூக்கினார்.

"பேரு இதேதாம்மா," என்றார் பாணி. "வந்ததும் ஓட்டச் சொல்லி, நீங்க தெனம் குந்தற எடத்துல குந்திப் பாருங்க. அப்புறமா கையெழுத்துப் போடுங்க."

"ஏன், நீங்க சொன்னாப் பத்தாதா?"

"என் தங்கச்சி அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்துச்சி."

அந்த அம்மாள் வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போய்விட்டார். மறுநாள் காலை ராஜாமணி, சத்தம் போடாமல், பாணியை மிக்சி அடுக்குக்கு மாற்றினார். மிக்சியை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மிக்சிதான். அங்கிருந்து பார்த்தால் சுவரில் அந்த டி.வி.யும், நிறம் மாறாமல், நன்றாகத் தெரிந்தது.