பெர்பெதுவா மேடம் கேட்ட இரண்டாவது படிக்கட்டு

பெர்பெதுவா மேடத்துக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். எங்கள் சான் இலாரியோ தொடக்கப் பள்ளியில் அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பயப்படாத ஆசிரியர் கிடையாது. தலைமையாசிரியை ஆவதற்கு முன் கணக்கு நடத்தியவர். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, கழிப்பறைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார். நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் அவர் எதிரே வந்தால் என் கை தானாகவே சட்டைக் காலரைச் சரிசெய்யும்.

புயல் எங்கள் மாடிக் கட்டடத்தின் கூரையைப் பிய்த்தெறிந்த பிறகு, அதை இடித்துப் புதிதாகக் கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியது. வேலை மேயரின் மைத்துனர் ரொடெலியோவுக்குப் போனது. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. நகராட்சி ஒப்புதல் தந்த வரைபடத்தை மேடம் தன் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். மாடியிலிருந்து இறங்க இரண்டு படிக்கட்டுகள், வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவுகள், உள்ளேயிருந்து திறக்கக்கூடிய சன்னல் கம்பிகள். பள்ளிக்கூடத்துக்குச் சட்டம் கேட்பது அவ்வளவுதான்.

கட்டி முடித்தபோது முன்பக்கம் நான்கு பெரிய தூண்கள் எழுந்திருந்தன. மேலே வளைவு, வளைவில் ஆள் உயர எழுத்தில் மேயர் பெயர். கிழக்குப் பக்கம் படிக்கட்டு வரவேண்டிய இடத்தில் செங்கல் சுவர் வைத்துப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். கதவுகள் உள்பக்கம் திறந்தன. சன்னல் கம்பிகளை அசையாதபடி பற்றவைத்திருந்தார்கள்.

“ரொடெலியோ சார், கிழக்குப் படிக்கட்டு எங்கே?”

“மேடம், சிமெண்ட் விக்கிற விலை தெரியுமா? முகப்பைப் பாருங்க, இந்த மாகாணத்துலயே இப்படி ஒன்னு இல்ல.”

“தீ பிடிச்சா பிள்ளைங்க முகப்பைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?”

“ஒரு படிக்கட்டு இருக்கே, வரிசையா எறங்கட்டும். ஒழுக்கத்துக்குப் பேர்போனவங்க நீங்க, உங்களுக்குச் சொல்லணுமா?” என்று அவர் சிரித்தார்.

மேடம் நகராட்சிக்குப் போனார். அங்கிருந்த பொறியாளர், “சின்ன மாற்றம்தானே” என்று சொல்லி, கட்டடத்தைப் பயன்படுத்தலாம் என்ற சான்றை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினார். தீயணைப்பு அதிகாரி யுலோ அதற்கு முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் ஆய்வுக்கு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கீழே ஆசிரியர் அறையில் காப்பி குடித்துவிட்டு, அரிசிப் பணியாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். மேடம் நேரே அவர் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“மாடிக்கு எப்ப ஏறினீங்க?”

“மூட்டு வலி மேடம். கீழயிருந்தே எல்லாம் தெரிஞ்சுது.”

“உங்க மூட்டு வலிக்கு எங்க பிள்ளைங்க வேகணுமா?”

யுலோவின் முகம் மாறியது. “ஏன் மேடம் இவ்வளவு ஆத்திரம்? உங்க குடும்பத்துல யாராச்சும் தீயில போயிட்டாங்களா?”

மேடத்தின் குரல் இன்னும் தாழ்ந்தது. “யாரும் போகல. போனாத்தான் கேக்கணுமா? ஒரு சாவைக் கொண்டாந்து காட்டினாத்தான் படி கட்டுவீங்களா?”

மறுவாரம் திறப்பு விழா என்றார்கள். மேடம் மாடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார். பிள்ளைகளைக் கூடைப்பந்துத் திடலின் தகரக் கூரைக்கு அடியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினோம். வெயிலில் தகரம் கொதித்தது. மழை நாளில் கத்திப் பேசியும் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. மேயர் ஆள் அனுப்பினார், பிறகு கல்வி அலுவலகம் ஆள் அனுப்பியது. மேடம் அசையவில்லை. எனக்குத் தாங்க முடியாமல் போனது, பெற்றோர்களும் அவர் மேலேயே பாய்ந்ததுதான். பெற்றோர் சங்கத் தலைவி இலுமினாடா மீன் விற்பவள். ஒரு நாள் சந்தையிலிருந்து கூடையோடு வந்து நின்றாள்.

“என் பொண்ணு காய்ச்சல்ல கிடக்கா மேடம். புதுக் கட்டடத்தைப் பூட்டி வச்சுட்டு எங்க பிள்ளைங்கள மழையில போட்டிருக்கீங்க. உங்களுக்குப் பெத்த பிள்ளை இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மேடம் கையால் தடுத்தார். “சனிக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வா இலுமினாடா. மாடியைத் திறந்து விடறேன். பாத்துட்டுத் திட்டு.”

சனிக்கிழமை பெற்றோர்கள் நிறையப் பேர் வந்தார்கள். மாடி வகுப்பில் நெருக்கியடித்து உட்காரவைத்தார். புது வண்ண வாசனையில் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். மேடம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று, “மணி அடிச்சா தீன்னு அர்த்தம். எல்லாரும் கீழ வாங்க” என்றார். மணியை அடித்தார்.

முதலில் உள்ளே சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. முன்னால் வந்தவர்கள் கதவை இழுக்கப் பார்த்தார்கள், பின்னால் வந்தவர்கள் முட்டித் தள்ளினார்கள். கதவு உள்பக்கம் திறப்பது. இத்தனை உடம்புகள் அதன்மேல் சாய்ந்தபின் எப்படித் திறக்கும்? சிரிப்பு நின்றது. “தள்ளாதீங்கடா!” என்று யாரோ அலறினார்கள். ஒருவர் சன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். மேடம் உடனே மணியை நிறுத்தினார். “ஒன்னும் இல்ல, பின்னால நகருங்க, நகருங்க” என்று கதவோரம் வாய் வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். கதவு திறந்தபோது இலுமினாடாவின் தலைமுடி கலைந்திருந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை.

“எங்களைக் கொல்லப் பாத்தீங்களா?”

“பெரியவங்க உங்களாலயே முடியல. இதுல புகையும் சேந்தா உன் பொண்ணுக்குக் கதவு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. இப்பச் சொல்லு, இந்தச் சாவியை உன்கிட்டக் குடுக்கட்டுமா?”

இலுமினாடா கிழக்குப் பக்கம் நடந்து போய், அந்தப் பச்சைச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தாள். பிறகு ஓங்கிக் குத்தினாள்.

திங்கட்கிழமை நகராட்சி வாசலில் சந்தையே நின்றது. மேயர் காரை விட்டு இறங்க முடியவில்லை. “உன் பேரை எறக்கி வச்சுட்டு, அந்தக் கல்லுல படி கட்டுய்யா! உன் மச்சினனைக் கூப்பிடு, நாங்க மண்ணு சுமக்கிறோம், அவன் வந்து நிக்கட்டும்!” என்று இலுமினாடா போட்ட சத்தம் தேவாலயம் வரை கேட்டது. அந்த வாரமே செங்கல் சுவரை உடைத்தார்கள். கதவுகளைத் திருப்பி மாட்டினார்கள். கம்பிகளுக்குக் கீல் வந்தது.

கிழக்குப் படிக்கட்டு கட்டி முடிந்த பிறகு நடந்த திறப்பு விழாவில் மேயர், “பிள்ளைகளின் பாதுகாப்பு என் நெடுநாள் கனவு” என்று பேசினார். மேடம் நடுப்பேச்சில் எழுந்து வெளியே போனார். ரொடெலியோவுக்கு மாலை போட்டார்கள். யுலோவுக்குப் பதவி உயர்வு. மேடத்துக்கு மலைக்கு மேலே, ஆறு கடந்து போகவேண்டிய ஒரு பள்ளிக்கு மாற்றல். காரணம், ‘நிர்வாக வசதி’. நாங்கள் ஆசிரியர்கள் மனு எழுதினோம், யாரும் படிக்கவில்லை.

புதிதாக வந்த தலைமையாசிரியர் நல்லவர் மாதிரிதான் இருந்தார். ஆனால் திருட்டுப் பயம் என்று சொல்லி, கிழக்குப் படிக்கட்டின் கதவில் சங்கிலி சுற்றிப் பூட்டினார். பள்ளி நேரத்திலும் பூட்டியே இருந்தது. இரண்டு முறை கேட்டேன். “பாத்துக்கலாம் டீச்சர்” என்றார். நான் மலைக்குப் போன் போட்டேன்.

“மேடம், படியைப் பூட்டிட்டாங்க.”

அந்தத் தாழ்ந்த குரல் வந்தது. “இதை எதுக்கு என்கிட்டச் சொல்ற? நான் இங்கிருந்து எறங்கி வரணுமா? உனக்குக் கை இல்ல?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சந்தைக்குப் போய் இலுமினாடாவின் புருஷனிடம் இரும்பு வெட்டும் கத்திரியை வாங்கிவந்தேன். காலை வழிபாட்டுக்கு எல்லோரும் நிற்கும்போதே சங்கிலியை வெட்டி, தலைமையாசிரியர் காலடியில் போட்டேன். என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பதில் எழுதப்போவதில்லை. அவர் புதுச் சங்கிலி வாங்கினால், கத்திரி என் மேசையிலேயேதான் இருக்கிறது.